ஆளுக்கொரு ஊசி

யாருக்கும் சோப்புப் போடத் தெரியாத மனிதருக்குச் சோப்பு என்று பேர் வைத்தவன் எவனோ, அவனுக்குக் குசும்பு கொஞ்சம் அதிகம்தான். முதலாளியே வந்தாலும் தலை நிமிராமல் வேலை பார்க்கிற ஆள் அவர். ஆனால் டீ வந்தால் எழுந்துவிடுவார். பின்பக்கக் குழாயடிக்குப் போய், முழங்கை வரைக்கும் சோப்பைத் தேய்த்து, நகக்கண்ணைக் குச்சியால் நோண்டி, துடைத்துவிட்டு வந்துதான் கிளாசைத் தொடுவார். அதற்குள் டீ ஆறிப் பச்சைத் தண்ணீராகியிருக்கும். அதையும் ரசித்துக் குடிப்பார்.

அவர் வேலை மோட்டாருக்குக் காயில் கட்டுவது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை வெட்டி இழுத்துப் போட்டு, உள்ளே இருக்கும் பள்ளங்களைச் சுரண்டித் துடைத்து, காகிதம் வைத்து, புதுக் கம்பியை எண்ணிச் சுற்றி இறக்கி, மேலே வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுக்க வேண்டும். எங்கேயாவது ஓரிடத்தில் கம்பியின் மேல்பூச்சு உரசிப்போனால் போதும், அத்தனையும் மறுபடி எரியும். ஒரு தூசி, ஒரு இரும்புத்துகள் உள்ளே நிற்கக் கூடாது. சோப்பு கட்டின மோட்டார் திரும்பி வந்ததில்லை என்று மற்ற கடைக்காரர்களே சொல்வார்கள். சொல்லிவிட்டு, "கல்யாணம் பண்ணி எப்படிக் குடும்பம் நடத்துறாரோ, பொண்டாட்டியையும் வார்னிஷ்ல முக்கி வெச்சிருப்பாரோ" என்று சிரிப்பார்கள்.

இந்த மனிதர் இளவயதில் நரம்பில் போதை ஊசி போட்டுக்கொண்டவர் என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் போட்டுக்கொண்டார். கடைக்குப் பின்னால் வார்னிஷ் காயவைக்கிற அறை ஒன்று உண்டு. ஜன்னல் கிடையாது. அங்கே மூன்று பேர் கூடுவார்கள். சோப்பு ஒருத்தர். மைக் செட் கட்டுகிற நெட்டை ஒருத்தன். மூன்றாவது ஆள் பிற்பாடு சோப்புக்கு மைத்துனன் ஆனவன். அவனை இப்போதிருந்தே மைத்துனன் என்று சொல்லிவிடுவோம், குழப்பம் வேண்டாம். எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் மூன்று பேரும் மூன்று கதை சொல்லுவார்கள். நெட்டைக்கு முதுகு வலி. மைத்துனனுக்குக் காதல் தோல்வி. சோப்புக்கு ஒரு காரணமும் கிடையாது, கூட உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

அந்த நாளில் எங்கே பார்த்தாலும் எய்ட்ஸ் பயம். ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய எழுத்தில், ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போடக் கூடாது என்று எழுதியிருந்தது. சோப்பு நின்று படித்தார். சாயங்காலமே மற்ற இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சட்டம் போட்டுவிட்டார். ஆளுக்கொரு ஊசி. மாற்றக் கூடாது, இரவல் கொடுக்கக் கூடாது, செத்தாலும் கூடாது. மோட்டாரிலிருந்து வெளியே வருகிற மூன்று வயருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மெல்லிய குழாய் மாட்டுவார்கள். அந்தக் குழாயில் துண்டு வெட்டி ஊசிகளுக்கு மாட்டினார். சிவப்பு நெட்டைக்கு, மஞ்சள் மைத்துனனுக்கு, நீலம் தனக்கு. ஒரு நாள் நெட்டை தெரியாத்தனமாக மஞ்சளை எடுத்துவிட்டான். சோப்பு விட்டார் பாருங்கள் கன்னத்தில் ஒன்று, அவனுக்குப் போதையே தெளிந்துவிட்டது. அன்றைக்குப் பிறகு ஒருத்தன் ஊசியை ஒருத்தன் தொட்டது கிடையாது.

மற்றதெல்லாம் பொது. பவுடரைக் கரைக்கிற கரண்டி ஒன்று. தண்ணீர் கிளாஸ் ஒன்று. வடிகட்டுகிற பஞ்சு ஒன்று. கை நடுங்காத ஆள் என்பதால் கலக்குவது சோப்பின் பொறுப்பு. அவர் கலக்கி வைப்பார், மூன்று பேரும் அந்தக் கரண்டியிலிருந்தே இழுத்துக்கொள்வார்கள். முடிந்ததும் அவரவர் ஊசியை அந்தக் கிளாஸ் தண்ணீரில் விட்டு இழுத்துக் கழுவி, அவரவர் இடத்தில் வைத்துவிடுவார்கள். அடுத்த சுற்றுக்குக் கரைக்கவும் அந்தத் தண்ணீர்தான். சுவரில் எழுதினவன் இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கக் கூடாதா, சுண்ணாம்பா தீர்ந்துபோச்சு? ஊசி என்று எழுதியிருந்தது, ஊசியைப் பிரித்தார்கள். தண்ணீரைப் பற்றி எழுதவில்லை. கரண்டியைச் சோப்பு அவ்வப்போது விளக்கி வைப்பார், பளபளவென்று இருக்கும்.

ஒரு மத்தியானம் மைத்துனன் உதடு நீலம் பாரித்துச் சரிந்தான். நெட்டை செருப்பைக்கூட எடுக்காமல் ஓடிவிட்டான். சோப்புதான் அவனைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பிழைத்துக் கண் விழித்தவன் கேட்ட முதல் கேள்வி, "அக்காவுக்குத் தெரியுமா?" என்பது.

"காய்ச்சல் தலைக்கேறி மயங்கிட்டான்னு வீட்டுக்கு ஆள்கிட்ட சொல்லி அனுப்பியிருக்கேன்."

"அப்படியே இருக்கட்டும்ணே. அவ தாங்க மாட்டா. அம்மா போனதுல இருந்து என்னைய அவதான் தூக்கி வளர்த்தா. எப்பவும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

"பண்றேன்டா."

"சும்மா பண்றேன்னா? அக்கா மேல பண்ணுங்க."

யார் என்றே தெரியாத ஒரு பெண் மேல் சோப்பு சத்தியம் செய்து கொடுத்தார். அந்தப் பெண் தம்பியைப் பார்க்க வந்தாள், தூக்கி வந்தவருக்குக் கும்பிடு போட்டாள், பிறகு ஒரு நாள் அவருக்கே மனைவியானாள். அதற்குள் ஆண்கள் இருவரும் பழக்கத்தை விட்டிருந்தார்கள். எலும்பெல்லாம் முறிகிற மாதிரி வலித்து, வயிறு கலங்கி, ஒருத்தரை ஒருத்தர் கேவலமாகத் திட்டிக்கொண்டு, எப்படியோ விட்டார்கள். நெட்டை விடவில்லை. சில வருஷம் கழித்துக் கண் மஞ்சளாகி, வயிறு ஊதிச் செத்தான். குடித்துக் குடித்தே போய்விட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். சோப்பும் அப்படித்தான் நினைத்தார்.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. சின்னப் பிள்ளைகளை வேனிலிருந்து இறக்கிக் கைபிடித்து உள்ளே கூட்டிப் போவது, மூக்கைத் துடைப்பது, அழுதால் தூக்குவது அவள் வேலை. அந்தப் பள்ளியில் வேன் ஓட்ட ஆள் தேடியபோது தம்பியைச் சேர்த்துவிட்டவள் அவள்தான். "என் தம்பிக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது, நான் பொறுப்பு" என்று பிரின்சிபால் முன்னால் நின்று சொன்னாள். அவனும் அக்கா பேரைக் கெடுக்கவில்லை. கல்யாணம் செய்துகொண்டு பக்கத்துத் தெருவிலேயே குடிவந்தான். ஒரு மகள் பிறந்தாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது.

முதலாளியின் மனைவிக்கு ஆபரேஷன் என்று கடை ஆட்கள் ரத்தம் கொடுக்கப் போனார்கள். சோப்பும் போனார். சில நாள் கழித்து ரத்த வங்கியிலிருந்து, நீங்கள் மட்டும் வந்து டாக்டரைப் பாருங்கள் என்று கூப்பிட்டார்கள். ஈரல் வைத்தியம் பார்க்கிற அந்த டாக்டரம்மா நடுவயசுக்காரர், குரலில் அவசரமே இல்லாதவர். ஹெபடைட்டிஸ் சி என்று ஒரு கிருமி, ஈரலைத் தின்கிறது, பல வருஷமாக உள்ளே இருந்திருக்கிறது என்றார். சோப்பு தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"எப்பவாவது ஊசியில போதை மருந்து எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டார் டாக்டர், சாப்பிட்டீங்களா என்று கேட்கிற மாதிரி.

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. விட்டாச்சு. ஆனா ஒருத்தர் ஊசிய ஒருத்தர் தொட்டதில்லங்க. ஆளுக்கொரு ஊசி. கலர் மாட்டி வெச்சிருந்தோம்."

"சரி. கரண்டி?"

"கரண்டி ஒண்ணுதான்."

"பஞ்சு?"

"அதுவும் ஒண்ணுதான்."

"ஊசிய எதுல கழுவுனீங்க?"

"எல்லாரும் ஒரே கிளாஸ் தண்ணியிலதான். கரைக்கறதும் அதே தண்ணியில."

"ரத்தம்னா நீங்க நினைக்கற மாதிரி சிவப்பா கண்ணுல தெரியணும்னு இல்லீங்க" என்றார் டாக்டர். "தெரியாத அளவே போதும். போட்ட ஊசி தண்ணிக்குள்ள போறப்ப ரத்தமும் கூடப் போயிடும். அந்தத் தண்ணியத்தான் கரண்டியில ஊத்தறீங்க, மூணு பேரும் இழுக்கறீங்க. ஒருத்தருக்கு இருந்தா மூணு பேருக்கும் போகும்."

மோட்டாரிலிருந்து மூன்று வயர் மூன்று நிறத்தில் வெளியே வந்தாலும், ஸ்டார் கனெக்‌ஷன் என்றால் உள்ளே மூன்றின் மறுமுனையையும் ஒன்றாக முறுக்கி ஒரே முடிச்சாகத்தான் போடுவார். ஆயிரம் தடவை போட்ட முடிச்சு. அந்தக் கிளாசில் அதே முடிச்சு விழுந்துகொண்டிருந்தது அவர் புத்திக்கு எட்டவில்லை. அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. எழுந்துபோய்க் கை கழுவ வேண்டும் போல இருந்தது.

மாத்திரை இருக்கிறது, மூன்று மாதம் தவறாமல் சாப்பிட்டால் கிருமி போய்விடும் என்று டாக்டர் சொன்னார். ஈரலில் விழுந்துவிட்ட தழும்பு அப்படியே மறையாது, ஆனால் மேலே கெடாமல் பார்த்துக்கொள்ளலாம். "கூட இருந்த ரெண்டு பேரு?"

"ஒருத்தன் செத்துட்டான். ஒருத்தன் இருக்கான்."

"அவரை உடனே கூட்டிட்டு வாங்க. உடம்புல ஒண்ணுமே தெரியாது. தெரிய ஆரம்பிச்சா லேட் ஆயிடும்."

சோப்பு அங்கிருந்து நேராக மைத்துனனிடம்தான் போனார். அவன் பள்ளிக்குப் பின்னால் வேனை நிறுத்தி, சீட்டுக்கு அடியில் பிள்ளைகள் சிந்தின பிஸ்கட் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தான். சோப்பு கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். அவன் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான்.

"மாமா, என்னுது மஞ்சள். ஒரு நாளாவது வேற ஊசியத் தொட்டிருப்பேனா? நெட்டை தொட்டதுக்கே அவனை நீங்க என்ன அடி அடிச்சீங்க!"

"ஊசி இல்லடா மாப்ள. தண்ணி. கரண்டி."

"நீங்கதானே சொன்னீங்க, ஊசி தனியா இருந்தா ஒண்ணும் ஆகாதுன்னு?"

"நான் சொன்னது தப்புடா. எனக்குத் தெரியல."

"உங்களுக்கு எங்கயாவது பல்லு புடுங்கினப்ப வந்திருக்கும். என்னையப் பாருங்க, கல்லு மாதிரி இருக்கேன்."

"ஒரு சொட்டு ரத்தம் குடுத்துப் பாத்துட்டா என்ன?"

சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த ஆஸ்பத்திரியில நம்ம தெரு ஆளுங்க எத்தனை பேரு வேலை பாக்கறாங்க தெரியும்ல? எதுக்கு டெஸ்ட்டுன்னு ஒருத்தன் கேட்டா போதும். ஊசிக்காரன் ஓட்டற வேன்ல எவன் புள்ளைய ஏத்துவான்? அதுக்கப்புறம் அக்கா அந்தப் பள்ளிக்கூட வாசல்ல எப்படி நிப்பா?" பிறகு குரலை இறக்கினான். "சத்தியம் பண்ணியிருக்கீங்க மாமா. அவ மேல."

சோப்பு வேனிலிருந்து இறங்கிக் கடைக்குத் திரும்பினார். அடுத்த வாரமும் போனார், அதற்கடுத்த வாரமும் போனார். கெஞ்சினார், திட்டினார், சட்டையைப் பிடித்தார். அவன் மசியவில்லை.

வீட்டில் மனைவிக்கு ஒரு பாதிக் கதை சொன்னார். ரத்தத்தில் கிருமி, எப்போதோ ஏதோ ஆஸ்பத்திரி ஊசியில் வந்திருக்கும் என்றார். அவளுக்கும் பரிசோதனை செய்தார்கள், ஒன்றும் இல்லை என்று வந்தது. அவள் ஊரில் உள்ள ஆஸ்பத்திரிகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி ஏசினாள். அவருடைய ஷேவிங் பிளேடைத் தனி டப்பாவில் போட்டு உயரத்தில் வைத்தாள். தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்புகிற அவசரத்திலும் மாத்திரையை உறையிலிருந்து பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்து, விழுங்குகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் போனாள். "நாள் விட்டா பலிக்காதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க" என்பாள். அவள் கையிலிருந்து அதை வாங்கும்போதெல்லாம் சோப்புக்கு அவள் தம்பி நினைவு வரும். தினமும் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். தினமும் சொல்லாமல் இருப்பார்.

ஒரே ஒரு தடவை கிட்டப் போய்விட்டார். அவள் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

"உன் தம்பியும் ஒரு டெஸ்ட் எடுத்துட்டா நல்லது."

"அவனுக்கு எதுக்கு?"

"சும்மாதான். குடும்பத்துல எல்லாரும் எடுத்துக்கறது நல்லதுன்னு..."

"அவன் என்ன உங்க ரத்தமா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். ஒரு தலையணை உறையை உதறி அவர் முகத்தில் போட்டாள். அவ்வளவு லேசான மனசோடு அவள் சிரித்து நாளாகியிருந்தது. அந்தச் சிரிப்பைக் கெடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. அந்த ஒரு நிமிஷத்தில் கெடுத்திருக்கலாம். கெடுத்திருக்க வேண்டும்.

வாக்குத் தவறாதவன் என்ற நினைப்பு ஒரு பக்கம். சத்தியத்தை மீறினால் அவளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். படித்தவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். தன் கை பட்ட தண்ணீரே இரண்டு பேருக்கு விஷமானதைக் கேட்டு வந்த மனிதருக்கு, தன் வாய்ச் சொல் மூன்றாவதாக அவளைக் கொல்லும் என்று நம்புவது பெரிய காரியமா?

மாத்திரை முடிந்தது. மறுபடி ரத்தம் எடுத்தார்கள். கிருமி இல்லை என்றார்கள். மனைவி அன்றைக்குத் தம்பி குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். மைத்துனன் செருப்பைக் கழற்றியபோது சோப்பு பார்த்தார், வார் பதிந்த இடம் குழி விழுந்து, கால் அப்பம் மாதிரி உப்பியிருந்தது. பல் துலக்கினால் ரத்தம் வருகிறது என்று அவன் மனைவி சாதாரணமாகச் சொன்னாள். "நாள் முழுக்க பெடல் மிதிச்சா கால் வீங்காதா?" என்றான் அவன். கை கழுவுகிற இடத்தில் சோப்பு அவனை மடக்கினார்.

"டேய், எனக்குப் போயிடுச்சுடா. சுத்தமாப் போயிடுச்சு. மூணே மாசம். உன் கால்ல விழறேன், வாடா."

மைத்துனன் குழாயைத் திருகி மூடினான். முதல் தடவையாக அவன் கண்ணில் பயம் தெரிந்தது. "பரீட்சை முடிஞ்சு லீவு விடட்டும் மாமா. அப்ப வேன் ஓடாது. யாருக்கும் தெரியாம வரேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

சோப்பு அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார். லீவு நாளை எண்ண ஆரம்பித்தார். கடையில் அவர் பாட்டு முணுமுணுத்ததாகக்கூடச் சொல்கிறார்கள்.

லீவுக்குக் கொஞ்ச நாள்தான் பாக்கி. காலையில் வேன் பள்ளி வாசலில் வந்து நின்றது. பிள்ளைகளை ஒவ்வொன்றாக அக்காதான் இறக்கினாள். கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, வழக்கம்போலத் தம்பிக்குத் தலையாட்ட நிமிர்ந்தாள். அவன் ஸ்டியரிங் மேல் கவிழ்ந்தான். வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. கொஞ்சநஞ்ச ரத்தம் இல்லை. அவள் பிள்ளைகளைக் கண்ணை மூடச் சொல்லிக் கத்திக்கொண்டே அவனைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். சோப்பு தகவல் கேட்டு வார்னிஷ் கையோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கை கழுவவில்லை.

அவசரப் பிரிவு வாசல் பெஞ்சில் மனைவி உட்கார்ந்திருந்தாள். சேலையெல்லாம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. உள்ளே இருந்து வந்தவர் அதே டாக்டரம்மா. ஈரல் முழுக்கச் சுருங்கிவிட்டது, அதனால் உணவுக்குழாயில் ரத்தக்குழாய் புடைத்து வெடித்திருக்கிறது, நிறுத்தப் பார்க்கிறோம், நம்பிக்கை கொடுக்க முடியவில்லை என்றார். பிறகு சோப்பை அடையாளம் தெரிந்துகொண்டு, வருத்தத்தோடு கேட்டார்: "நீங்க அன்னைக்குச் சொன்ன இன்னொருத்தர் இவருதானா? மாத்திரைய அப்பவே ஆரம்பிச்சிருந்தா..." பாதியில் நிறுத்திவிட்டு, உள்ளே கூப்பிட்டார்கள் என்று போய்விட்டார்.

மனைவி டாக்டர் போன கதவையே பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"என்னங்க சொல்லிட்டுப் போறாங்க அந்தம்மா?"

சோப்பு சொன்னார். வார்னிஷ் அறை, மூன்று ஊசி, ஒரு கிளாஸ், காய்ச்சல் என்று சொன்ன பொய், எல்லாவற்றையும் ஒரு மூச்சில் சொன்னார்.

"அப்ப நான் தினமும் உங்க கையில வெச்சேனே, அந்த மாத்திரைதான் அவனுக்கும்?"

"ஆமா."

"பக்கத்துத் தெருவுல இருந்தானே."

"வர மாட்டேன்னுட்டான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான். உன் மேல."

"என் மேல" என்றாள் அவள். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். "என் மேல பண்ணின சத்தியம். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா, போனா என் உசுருதானே போகும், சொல்லிடுங்கன்னு சொல்லியிருப்பேனே. காதைப் புடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன் அவனை. நான் கூப்பிட்டு அவன் எங்கயாவது வராம இருந்திருக்கானா?"

இருந்ததில்லை. அது சோப்புக்கும் தெரியும். மைத்துனன் அன்று சாயங்காலம் செத்துப்போனான், அக்கா பேரைச் சொல்லக்கூட நினைவு திரும்பாமல்.

சோப்புக்கு இப்போது ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஈரலை ஸ்கேன் பார்க்கிறார்கள். மனைவி சமைத்து வைக்கிறாள், துணி துவைத்து வைக்கிறாள், பேசுவதில்லை. தம்பி மகள் வந்தால் மட்டும் அந்த வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும். போன தடவை டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு, இன்னும் பல வருஷம் இருப்பீங்க, பயப்படாதீங்க" என்றார். சோப்பு சரி என்று தலையாட்டிவிட்டு, கூட வந்தவர்கள் உட்காரும் பெஞ்சைத் தாண்டித் தனியாக வெளியே வந்தார்.